பதில் சொல்லக்கூடாத வேலை

"படிச்சது ஒண்ணு, மாஸ்டர்ஸ் பண்ணப்போறது வேற ஒண்ணு, சரியா வருமாக்கா?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளை இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மருத்துவமனையில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடுவதாக இல்லை. துறை மாற நினைக்கிற யாரைப் பார்த்தாலும் என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் ஈப்போ சிலிபினிலிருந்து ஒரு பொறியாளர் அழைத்தார். பாலம் கட்டுகிறவருக்கு மனித மனத்தைப் படிக்க வேண்டுமாம். அவருக்கு முன்னால் வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். எல்லாருக்கும் ஆமாம் அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலிருக்கத்தான் நான் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் அவர்களுக்குப் புரிவதில்லை. அதனால் இதை எழுதிவைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிட்டு மத்தியானம் நான் கொஞ்சம் தூங்கலாம்.

என் முதல் பட்டம் வேதியியல். அப்பா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய்க்குப் போடும் செம்பனை வந்ததும் குடும்பத்தோடு செமோருக்கு வந்துவிட்டோம். பட்டம் வாங்கிய கையோடு எனக்குக் கிடைத்த வேலையும் ரப்பரில்தான். கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. "நான் வெட்டின பால எம்மக தண்ணி ஊத்திப் பாக்குறா" என்று அப்பா பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கையுறைகளை உருவி, குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றித் தொங்கவிடுவோம். அது பசுவின் மடிபோல உப்பித் தொங்கும். விரல் நுனியில், விரலிடுக்கில், மணிக்கட்டில் எங்காவது ஒரு துளி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் கசிந்தால் அந்தத் தொகுதி முழுவதும் தள்ளுபடி. நான் கையெழுத்துப் போட்டால் சரக்கு கப்பலேறும், போடாவிட்டால் குப்பைக்குப் போகும். மூன்றாவது வழி என்று ஒன்று அங்கே கிடையாது. பதினைந்து வருடத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்தேன். கத்தரிக்காய் வாங்கப் போனால்கூடக் கையெழுத்துப் போடுகிற முகத்தோடுதான் நிற்பேன் என்பார் என் கணவர் கணேசன்.

ஏன் மாறினேன் என்பதற்கு அழகான காரணம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலைப் பெண்களின் கண்ணீர் என் மனத்தை மாற்றியது என்று மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். அவர்கள் என்னிடம் வந்து அழுதது உண்மை. தமிழ் பேசுகிற அதிகாரி நான் ஒருத்திதான் என்பதால் குடிகாரப் புருஷன், படிக்காத பிள்ளை, வாயாடி மாமியார் எல்லாரும் என் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். நானும் சளைக்காமல் தீர்ப்புச் சொன்னேன். அவனை விட்டுவிட்டு வா என்றேன், பிள்ளையை விடுதியில் சேர் என்றேன். ஒருத்திகூட நான் சொன்னதைச் செய்ததில்லை. அதில் எனக்கு இரக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு சரியாகச் சொல்லியும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அத்தோடு, எந்தப் பட்டம் இருந்தாலும் சேர்த்துக்கொண்டு, சனி ஞாயிறில் மட்டும் வகுப்பு வைத்த முதுகலை அப்போது கவுன்சலிங் ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. வேறொரு படிப்புக்கு வார இறுதி வகுப்பு இருந்திருந்தால் நான் இன்று வேறு எதையாவது பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். நாற்பதில் நாய்க்குணம் என்பதை நிரூபிக்கப் பார்க்கிறாயா என்று முதலில் சிரித்த கணேசன், பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கல்யாணமான நாள்லேருந்து எனக்குப் புத்தி சொல்லிக்கிட்டே இருக்கே. புத்தியே சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தர்ற படிப்பா இது? நல்லாப் படி. மேல மேல படி."

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன் என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துபோயிற்று. மற்றவர்கள் உளவியல் படித்தவர்கள், பள்ளிக்கூடத்தில் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவர்கள். அவர்கள் சர்வசாதாரணமாகச் சொன்ன சொற்களை நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஒருவர் நோயாளி போலவும் ஒருவர் ஆலோசகர் போலவும் நடித்துப் பழக வேண்டும். என் எதிரில் உட்கார்ந்த பெண் தன் கவலையைப் பாதி சொல்வதற்குள் நான் மூன்று தீர்வுகளை எடுத்து வைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. முதல் அறிக்கையை எனக்குத் தெரிந்த முறையில் எழுதினேன். குறை, குறைக்கான காரணம், பரிந்துரை என்று தலைப்புப் போட்டிருந்தேன். இதில் அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். பாலம் கட்டுகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மகன் வயதுப் பிள்ளையிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கக் கூச்சப்படாமலிருந்தால் புதுத்துறையில் படித்துத் தேறிவிடலாம். பழைய துறை உடம்பைவிட்டுப் போவதற்குத்தான் நாளாகும். படித்த வருடங்களைப் பற்றி வேறு ஒன்றும் பெரிதாக நினைவில்லை. களைப்பு மட்டும் நினைவிருக்கிறது.

படித்து முடித்து, பதிவு வாங்கி, அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த அறை துணி அடுக்கிவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. எங்கள் பிரிவின் தலைவி ஒரு மலாய்க்கார அம்மா, புவான் ரொஹானி. மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். அவர் பேச ஆரம்பித்தால் ஏர்கோனை அடைத்துவிட்டுக் கேட்க வேண்டும். நான் சேர்ந்த அன்று அவர் என்னிடம் கொள்கை எதுவும் பேசவில்லை. அறைக்குள் வந்து நாற்காலிகளை நகர்த்தினார். இரண்டு நாற்காலியும் நேருக்கு நேராக இருக்கக்கூடாது, கொஞ்சம் சாய்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் வந்தவர் விரும்பினால் நம்மைப் பார்க்கலாம், விரும்பாவிட்டால் சுவரைப் பார்க்கலாம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டினார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவர் எழுந்து போய்விடுவார் என்றார். டிஷ்யூப் பெட்டியை வருகிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். அதை நாம் எடுத்து நீட்டக்கூடாது. நீட்டினால், போதும், அழுகையை நிறுத்து என்று சொன்னதாக ஆகிவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இழவு வீட்டில் யாராவது அழுதால் என் கை தானாக மடியில் மடிந்துகொள்கிறது. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

ஒவ்வொரு சந்திப்பும் முடிந்தபின் ரொஹானி கதவோரம் வந்து நிற்பார். என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "Siapa lebih penat?" யார் அதிகம் களைத்துப்போனது, நீயா அவர்களா? ஆரம்பத்தில் எல்லா நாளும் நான்தான் என்பேன். அப்படியானால் அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நீ செய்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பாராட்டு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

முடிவை அவர்களே எடுக்க வேண்டும், நாம் சாய்ந்துவிடக்கூடாது. இதுதான் அந்த வேலையின் ஆணிவேர். நம் ஆட்களுக்கு இது கொஞ்சமும் ஒத்துவராது. சோதிடரிடம் போனால் தேதி கிடைக்கிறது. கோயிலில் பூக்கட்டிப் பார்த்தால் வெள்ளையோ சிவப்போ ஏதோ ஒன்று வருகிறது. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் மட்டும் வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டுமா? "நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா" என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். இந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று வெளியே போய்ச் சொல்வதும் என் காதில் விழும்.

கோகிலாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

கோகிலாவுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் குமாஸ்தாவாக இருந்தாள். சிலிபினில் அப்பா மாரிமுத்துவோடு குடியிருந்தாள். அவர் லாரி ஓட்டுகிறவர். அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அப்பா வாரக்கணக்கில் சாலையில் இருந்ததால், அவளைத் தூக்கிப் போய் வளர்த்தது அப்பாவின் அக்கா பாக்கியம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து, தோட்டம் போனபின் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போன விதவை. பாக்கியத்தின் மகன் சுரேன், டயர் கடையில் வேலை. கோகிலாவுக்கு முறைப்பையன். இவளுக்கு அவன்தான் என்று சின்ன வயதிலிருந்து பேசிவைத்தது, பேச்சளவில் நில்லாமல் இருவருக்கும் பிடித்தும் போயிருந்தது. மண்டபம் பிடித்தாகிவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது.

அந்த வருடத் தைப்பூச ரத்ததான முகாமில் சுரேன் கையை நீட்டினான். ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் போதாது என்று மேற்கொண்டு சோதித்ததில் தலசீமியா என்னும் ரத்தக் குறையை அவன் உடம்பு சுமந்திருப்பது தெரியவந்தது. சுமக்கிறவருக்கு அதனால் பெரிய தொல்லை எதுவும் இல்லை. ஆனால் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் அதையே சுமந்தால் பிறக்கிற பிள்ளைக்கு முழு நோயாக வரலாம். அதனால் கோகிலாவையும் கூட்டிவரச் சொல்லிச் சோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. சொந்தத்தில் அப்படி இருப்பது அதிசயமில்லை. மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து விளக்கிவிட்டு, விரிவாகப் பேச ஒரு வாரம் கழித்து என்னிடம் வரச் சொன்னார். சுரேன் வெளியே வந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னான், ரெண்டு பேருக்கும் ரத்தம் ஒரே மாதிரி இருக்கிறதாம் என்று. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் குடும்பமே நிற்கிறது. பாக்கியம் பட்டுச்சேலை கட்டியிருந்தார். கையில் லட்டுப் பெட்டி. அதன்மேல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. இப்படிப்பட்ட பேச்சைத் தம்பதியிடம் மட்டும்தான் நடத்த வேண்டும். எல்லாரும் இருக்கலாமா என்று கோகிலாவிடமும் சுரேனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் தலையாட்டினார்கள். ரொஹானி அன்று என் வேலையைப் பார்வையிட வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வார்.

பாக்கியம் உட்கார்வதற்கு முன்னால் பத்திரிகையை என் மேசையில் வைத்தார். "எங்க ஐயரு பத்துக்கு எட்டுப் பொருத்தம்னாரு. நீங்க ரத்தத்துலயும் ஒண்ணா இருக்குன்னு சொல்லிட்டீங்களாம். இதுக்கு மேல என்னம்மா வேணும்? மொதப் பத்திரிக்கை சாமிக்கு வச்சோம். அடுத்தது உங்களுக்குத்தான்."

கோகிலா தரையைப் பார்த்தாள். சுரேன் அவளைப் பார்த்தான். இருவரும் ஒரு வாரமாக அந்த அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பொருத்தம் பார்க்கிற வீட்டில் பிறந்தவளுக்குத்தான் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தெரியும். எங்கள் பேச்சில் ஒத்துப்போயிற்று என்றால் நல்ல செய்தி. அந்த அம்மா வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

இந்த மாதிரி நேரத்தில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். இரண்டு தகர டப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பித்தான், ஒரு சிவப்புப் பித்தான். ஒரு டப்பா அப்பா, மற்றது அம்மா. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த இரண்டும்தான் பிள்ளை. வெள்ளை ஒன்றாவது வந்தால் பிள்ளைக்குப் பயமில்லை. இரண்டும் சிவப்பாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். சுரேனும் கோகிலாவும் எடுத்தார்கள். வெள்ளையும் சிவப்பும் வந்தது. பித்தான்களைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்கள். இரண்டும் வெள்ளை. சுரேன் சிரித்தான். மாரிமுத்து கணக்குப் போட்டுவிட்டு, நாலில் ஒன்றுதானே, மூன்றோடு நிறுத்திக்கொண்டால் போயிற்று என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பித்தான்கள் திரும்ப டப்பாவுக்குள் போய்விடும், முதல் பிள்ளையே அந்த ஒன்றாக இருக்கலாம் என்றேன். அவர்கள் மூன்றாவது முறை எடுத்தார்கள். இரண்டு சிவப்பும் என் மேசையில் கிடந்தன.

பாக்கியம் அந்தச் சிவப்புப் பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஒண்ணா இருக்கிறதுதான் தப்புங்கிறீங்க. அப்ப இது ரஜ்ஜு தட்டுற மாதிரியாம்மா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருக்கக்கூடாது. மற்ற ஒன்பதும் அமைந்தாலும் ரஜ்ஜு தட்டினால் தாலி நிலைக்காது என்பார்கள். அதற்கு மேல் எந்தக் குடும்பமும் துணியாது. ஒரு படிப்பும் இல்லாத அந்த அம்மா, நான் பித்தானை வைத்துக்கொண்டு திணறியதைத் தனக்குத் தெரிந்த கணக்கில் சட்டென்று பிடித்துவிட்டார். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நிமிடமே கல்யாணம் நின்றிருக்கும். யாரும் யாரையும் குறை சொல்லாமல், கிரகத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், அது நிற்க வேண்டும் என்றுதான் என் மனத்துக்குள் இருந்தது. கையுறைக்காரி உள்ளே இருந்துகொண்டு, தள்ளுபடி, கையெழுத்துப் போடாதே என்று கத்தினாள்.

"ரஜ்ஜு மாதிரி இல்லக்கா" என்றேன். "ரஜ்ஜு தட்டினா கல்யாணமே கூடாதும்பாங்க. இது பொறக்கப்போற பிள்ளையப் பத்தினது. கட்டிக்கிறதா, பிள்ளை பெத்துக்கிறதா, வயித்துல இருக்கும்போதே சோதிச்சுப் பாக்கிறதா, தத்து எடுக்கிறதா, இதெல்லாம் இவங்க ரெண்டு பேரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. எது வேணும்னாலும் நான் விளக்கிச் சொல்றேன்."

பாக்கியத்தின் முகம் மாறிற்று. "பிள்ளை வேணாம்னு யாராச்சும் கல்யாணம் கட்டுவாங்களா? ஆமான்னாச்சும் சொல்லுங்க, இல்லேன்னாச்சும் சொல்லுங்க. படிச்சவங்கன்னுதானே இவ்வளவு தூரம் வந்தோம்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார். பத்திரிகையை மேசையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். லட்டை விட்டுவிட்டுப் போனார். அதை நான் தொடவில்லை. துணி அடுக்குகிற பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

சில நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோகிலா தனியாக வந்தாள். உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். சாய்வாகப் போட்ட நாற்காலிக்கு அன்று வேலை வந்தது.

"அக்கா, கல்யாணம் வேணாம்னு நீங்க சொல்லிருங்களேன். ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்கன்னா அத்தை எம்மேல கோவிக்க மாட்டாங்க."

உனக்கு எது பயமாக இருக்கிறது என்று கேட்டேன். சுரேனைப் பிடிக்கும் என்றாள். நோயோடு பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு மாளாது என்று தோன்றுகிறது என்றாள். ஆனால் வேண்டாம் என்று தன் வாயால் சொன்னால், அம்மா செத்த பிறகு தூக்கி வளர்த்தவரின் வீட்டையே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். "எனக்கு அம்மா ரெண்டாவது தடவையும் செத்துப்போன மாதிரிலா" என்று சொல்லிவிட்டு அழுதாள். டிஷ்யூப் பெட்டி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் நீட்டவில்லை. கைகளைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நீ அத்தையிடம் சொல்வதானால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், உனக்காக நான் சொல்ல முடியாது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "நான் உங்க மகளா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

எல்லாரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். எனக்கு மகள் இல்லை, மகன்தான். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. "நான் என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சா உனக்கு எப்படி உதவும்?" என்று திருப்பிக் கேட்டேன். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கிற பதில். வாயிலிருந்து வந்தபோது எனக்கே கசந்தது. அவள் தேங்ஸ்க்கா என்று சொல்லிப் புறப்பட்டாள். பல் மருத்துவமனைச் சீருடையில், சாப்பிடாமல் வந்து சாப்பிடாமல் போனாள்.

அன்று ரொஹானி கதவோரம் வந்து நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். முதல் முறையாக அவர் உள்ளே வந்து, கோகிலா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சரோ என்று என் பெயரைக் கூப்பிட்டு, நான் ஒரு தடவை அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன் என்றார். யாரிடம், என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். அவர் எழுந்து, நாற்காலியைப் பழைய சாய்வுக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

கோகிலா என்னிடம் மறுபடி வரவில்லை. அத்தையிடம் பேச என்னை அழைக்கவும் இல்லை. இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், வேலையாக இருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் துரத்தக்கூடாது என்பதும் விதிதான். கொஞ்ச நாளில் தபாலில் பத்திரிகை வந்தது, நான்கு மூலையிலும் மஞ்சளோடு. அந்தத் திருமணத்துக்கு நான் போகவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போவதில்லை.

கோகிலா கர்ப்பமானபோது, வயிற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லி என்னிடம் அனுப்பினார். சுரேனும் கூட வந்திருந்தான். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன் என்றாள் கோகிலா. சோதனை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. தாரணி என்று பெயர் வைத்தார்கள். சில மாதத்தில் குழந்தை வெளுத்துப்போய், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தது. இரண்டு சிவப்புப் பித்தான்.

அதிலிருந்து பகல்நேர வார்டில் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் சேரும் இரும்பை இறக்க மருந்து வேறு. குழந்தையின் வயிற்றில் ஊசி செருகிச் சின்னக் கருவியை இடுப்பில் கட்டிவிடுவார்கள். கோகிலா வேலையை விட்டாள். சுரேன் டயர் கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டுக் கேட்டே முதலாளியிடம் கெட்ட பெயர் வாங்கினான். நல்ல பையன். ஒருநாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பாக்கியம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ரத்தம் ஏறி முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். எத்தனையோ பேர் சேர்ந்து சமாதானம் சொன்ன பிறகும் இரண்டாவது பிள்ளைப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நடைபாதையில் நான் எதிரே வந்தால் பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசிவரை அப்படித்தான். எனக்கு அது வலித்தது. ஆனாலும் அவர் பக்கமும் எனக்குப் புரிந்தது. படித்தவள் என்று நம்பி வந்து ஒரு வார்த்தை கேட்டார், நான் கொடுக்கவில்லை.

நான் செய்தது சரியா என்று கேட்டால் விதிப்படி சரிதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அதே விதிப்படி செய்திருக்கிறேன், அவர்களில் பலர் நன்றாக இருக்கிறார்கள். கையுறைத் தொழிற்சாலையிலேயே இருந்திருந்தால் சரியா தவறா என்று சாயங்காலத்துக்குள் தெரிந்திருக்கும். தண்ணீர் கசியும், அல்லது கசியாது. இந்த வேலையில் சாயங்காலம் வருவதே இல்லை.

வேலையின் கடைசி வாரத்தில் வார்டுக்கு விடைபெறப் போனேன். தாரணி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கையில் ஊசியோடு, மற்றக் கையால் ஒரு மீனுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இன்று நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினார்கள், நான் அழவில்லை என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பாக்கியம் தேநீர் வாங்கப் போயிருந்தார். கோகிலா மகளின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்க்கா."

குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி மீனுக்குச் சிவப்பு அடிப்பதா பச்சை அடிப்பதா என்று அவளிடம் கேட்டாள். உனக்குப் பிடித்ததை அடி என்றாள் கோகிலா.

அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். வேலையில் இருந்த நாளெல்லாம், சொன்னதற்கு என்ன அர்த்தம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நன்றியாகச் சொன்னாயா, குறையாகச் சொன்னாயா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.